உங்களுக்குத் தெரியுமா? பள்ளிச் சோற்றில் ஊர் விளைச்சல்

ஓர் அணாச் சிற்றுண்டி

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டைத் தாண்டிவிட்டது. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. பிறகு மேலும் 4 பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த 5 பள்ளிகளிலும் 1922-23இல் 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671 பிள்ளைகள்.

எண்ணிக்கை இரட்டிப்பான அந்த வேளையில்தான், 1925 ஏப்ரல் 1 அன்று, சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்விக்கான நிதியைத் தின்பண்டத்துக்குச் செலவிட ஆங்கில அரசு அனுமதிக்கவில்லை. 1927இல் மாநகராட்சி மறுபடியும் தொடங்கியது. படிப்புக்கான பணத்தைச் சோற்றில் போடலாமா என்ற கேள்வி அதன் பிறகும் பலமுறை எழுந்திருக்கிறது. பதில் அந்த 5 பள்ளிகளின் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது.

ஆறு காசு அரசு, நாலு காசு ஊர்

காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு நமக்குத் தெரியும். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு செலவு என்று கணக்கு வைத்தார்கள். அதில் 6 காசு மாநில அரசின் மானியம். மிச்சம் 4 காசு ஊர் கொடுக்க வேண்டும்.

ஊர் பணமாகவும் கொடுத்தது, பொருளாகவும் கொடுத்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே நெல் வாங்கிச் சேர்த்த ஊர்கள் உண்டு. காய்கறியும் விறகும் பாத்திரமும் கொடுத்தவர்கள் உண்டு. சமையலுக்கு ஒரு திண்ணையை ஒழித்துக் கொடுத்தவர்களும் உண்டு. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைப் பேசிச் சேர்த்தவர். அவருடைய தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ அந்த நாள்களை அறிய நல்ல வழி.

இன்று பி.எம். போஷன் என்ற மதிய உணவுத் திட்டத்தில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் கொடுக்கின்றன. விகிதம் அதே 60-40தான். ஊர் இருந்த இடத்தில் இன்று மாநில அரசு இருக்கிறது, மாநிலம் இருந்த இடத்தில் மத்திய அரசு இருக்கிறது. பிள்ளையின் சோறு ஊராரின் நல்ல மனத்தை நம்பி இருக்கக் கூடாது; ஆகவே இந்த மாற்றம் சரியானது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றமும் சமைத்த மதிய உணவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஆனாலும் அந்த 4 காசோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. ‘நம் பள்ளியில் இன்று என்ன சமைத்தார்கள்?’ என்று ஊர் கேட்ட கேள்வி அது.

கடம்பத்தூர், 1958

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958 ஜனவரியில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல். ஊரில் யார் எதைக் கொடுக்க முடியும் என்று இன்னொரு பட்டியல். மாநாட்டு மேடையில் இரண்டும் சந்தித்தன. நாற்காலி, கரும்பலகை, தட்டு, அண்டா, நிலம் என்று கொடுத்தார்கள். பிறகு தமிழ்நாடு முழுக்க இந்த மாநாடுகள் நடந்தன. தேவையைப் பொதுவில் எழுதி வைத்தால் கொடுக்க ஆள் வரும் என்பதை அந்த மாநாடுகள் காட்டின.

மஞ்சள் உப்புமாக் காலம்

1961இலிருந்து ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவி வந்தது. பால் பவுடர், சமையல் எண்ணெய், மக்காச்சோள மாவு, கோதுமை ரவை. இன்று அறுபதைக் கடந்தவர்களில் பலர் அந்த மஞ்சள் உப்புமாவின் மணத்தை இன்னும் சொல்வார்கள். பசியை அது ஆற்றியது, அதில் ஐயமில்லை. ஆனால் கடல் கடந்து வரும் மாவுக்கும் பக்கத்துக் கொல்லையில் காய்க்கும் கத்தரிக்காய்க்கும் தொடர்பே இல்லாமல் போனதும் அந்தக் காலத்தில்தான்.

நம் மாவட்டத்து அணையா அடுப்பு

நம் விருத்தாசலத்துக்குக் கிழக்கே உள்ள வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாலை அமைந்த 80 காணி நிலம் பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்தது. இன்றும் அரிசி மூட்டையும் காய்கறியும் சுற்று வட்டார ஊர்களிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. 150 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பொதுச் சமையற்கட்டை ஊர்கள் சேர்ந்து நடத்தும் பழக்கம் கடலூர் மாவட்டத்துக்கு உண்டு. பள்ளிச் சமையலில் ஊருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்பது இங்கே புதிய கோரிக்கை ஆகாது.

முட்டை நடந்து வந்த வழி

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். முதலில் கிராமங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984இல் 15 வயது வரை என்று விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று. 2010இலிருந்து வாரம் 5. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டை ஐந்தாக வளர 21 ஆண்டு பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படியும் யாரோ கேட்டு, யாரோ கணக்குப் போட்டு, யாரோ கையெழுத்துப் போட்டு நடந்தது.

வெளிச்சந்தையில் விற்றுவிடாதபடி சத்துணவு முட்டையில் வண்ண முத்திரை குத்தி அனுப்புகிறார்கள் என்பதும் ஒரு தகவல்.

ஜூலை 16

காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாள். அதற்கு மறுநாளை, பள்ளிச் சமையலைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைச் சமையலறையில் பிடித்த தீ வகுப்பறைகளுக்குப் பரவி 94 பிள்ளைகள் கருகினர். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவில் பூச்சிக்கொல்லி கலந்து 23 பிள்ளைகள் இறந்தனர். மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்து சமையல் எண்ணெயோடு சேர்ந்திருந்தது.

முதல் துயரத்துக்குப் பிறகு கூரைகள் போய்க் கட்டடங்களும் எரிவாயு அடுப்பும் வந்தன. இரண்டாவதற்குப் பிறகு வந்த மதிய உணவு வழிகாட்டு நெறிகள், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உட்படப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றன. சோற்றின் தரத்தைப் பேசும்போது அடுப்பையும், கூரையையும், எண்ணெய் டின்னையும், பொருள் வைக்கும் அறையையும் சேர்த்தே பேச வேண்டும்.

6 ரூபாய் 78 காசு

2025 மே மாதத்திலிருந்து பி.எம். போஷன் திட்டத்தில் பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் தொகை 6 ரூபாய் 78 காசு. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. அரிசி இதில் சேராது. முட்டை போன்றவற்றுக்கு மாநிலங்கள் தம் பணத்தைக் கூடுதலாகப் போடுகின்றன.

அரிசியோடு சேர்த்து இந்தத் தொகைக்குள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். 6ஆம் வகுப்புக்கு மேல் 700 கலோரி, 20 கிராம் புரதம். தக்காளி விலை ஏறும் மாதத்தில் ஒரு சத்துணவு அமைப்பாளர் என்ன பாடு படுவார் என்று நினைத்துப் பாருங்கள். சாம்பாரில் காய் குறைவதற்குச் சமையலர் மீது கோபப்படுவதற்கு முன் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நியாயம்.

காய்கறிதான் வாசல்

தமிழ்நாட்டில் சத்துணவுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாக வருகின்றன. ஊரில் வாங்குவது காய்கறி, மசாலாச் சாமான், எரிபொருள் மூன்றும்தான். ஆகவே உள்ளூர் உழவர் பள்ளிக்குள் நுழைய இன்றைக்குத் திறந்திருக்கும் வாசல் காய்கறி. பக்கத்து ஊரில் பறித்த வெண்டை, அவரை, சுரை, முருங்கை அன்றைக்கே அண்டாவுக்கு வந்தால் அதே பணத்தில் அளவும் கூடும், சத்தும் நிற்கும். தரகும் வண்டிச் சத்தமும் மிச்சம். பத்துப் பதினைந்து பள்ளிகளின் அமைப்பாளர்களும் ஓர் உழவர் குழுவும் பருவத்துக்கு ஒரு விலை பேசிக்கொண்டால், இரு பக்கமும் ஆண்டு முழுக்க நிம்மதி.

வி.ஆர்.ஐ. என்றால் நம்மூர்

நிலக்கடலை விதை வாங்கும் தமிழ்நாட்டு உழவர் ‘வி.ஆர்.ஐ. 8’ என்று கேட்பார். முந்திரிக் கன்று வாங்குகிறவர் ‘வி.ஆர்.ஐ. 3’ என்பார். எள்ளிலும் வி.ஆர்.ஐ. ரகங்கள் உண்டு. அந்த வி.ஆர்.ஐ. விருத்தாசலம்தான். இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் அவை. நிலக்கடலை, எள், முந்திரி என்று மூன்றுமே புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை. பல மாவட்டத்து வயல்களுக்கு விதை கொடுத்த ஊர் நம்முடையது. அந்த விளைச்சலில் ஒரு கைப்பிடி நம் பள்ளித் தட்டுக்கு வர வேண்டாமா?

நூறு பிள்ளைக்கு ஒரு மூட்டை மல்லாட்டை

சத்துணவில் செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு 20 கிராம் உண்டு. வெள்ளிக்கிழமை வேகவைத்த உருளைக்கிழங்கு 20 கிராம். இன்னொரு நாள் 20 கிராம் மல்லாட்டைப் பயறு, அதாவது நிலக்கடலைப் பருப்பு, கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குச் சுமார் 5 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டை கொடுப்பதற்குக் கொஞ்சம் குறைவு.

100 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு வாரம் 2 கிலோ. பள்ளி நடப்பது சுமார் 40 வாரம். மொத்தம் 80 கிலோ. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலாப் பயறு விலை பேசும் மூட்டையின் எடையும் 80 கிலோதான். ஆக, ஓர் ஆண்டுக்கு ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு மூட்டை போதும். மாநிலத்தின் பெரிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. வரத்து மிகுந்த நாள்களில் குவியல் குவியலாகப் பயறு கொட்டிக் கிடக்கும் ஊரில், ஒரு வியாபாரியோ, ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, ஒரு பழைய மாணவர் சங்கமோ தத்தம் பள்ளிக்கு ஒரு மூட்டை என்று ஏற்றுக்கொண்டால் நடந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஈரம் பட்ட பயற்றில் பூஞ்சை பிடித்து அப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நன்றாகக் காய்ந்து, சொத்தை பொறுக்கியதை மட்டுமே வாங்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்கள் பெயர் ஆசிரியருக்கும் சமையலருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கலசத்தில் வரகு

கோயில் கலசங்களில் வரகு நிரப்புவது நம் வழக்கம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள நாட்டில், குறிப்பாக மங்களூர், வேப்பூர் பக்கத்து மானாவாரி நிலங்களில், வரகு இன்றும் விளைகிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது கோதுமை ரவை அல்லது அந்தந்த ஊரில் விளையும் சிறுதானியம் என்பது திட்டத்தின் அளவு. சாம்பாருக்கு 15 கிராம் பருப்பும் உள்ளூரில் கிடைக்கும் காய்கறியும். வாரத்தில் இரண்டு நாளாவது அப்படிப்பட்ட சிறுதானியத்தில் சமைக்கலாம் என்றும் வழி விட்டிருக்கிறார்கள். ஆக, வரகுப் பொங்கலுக்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. தேவை, உமி நீக்கிச் சுத்தம் செய்து தரும் ஓர் ஆலையும், வாங்கிச் சேர்க்கும் ஒரு குழுவும்.

வரகிலும் கவனம் வேண்டும். அறுவடையில் மழை பட்டால் அதிலும் பூஞ்சை நஞ்சு சேரும். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 2024 அக்டோபர் இறுதியில் 10 யானைகள் இறந்ததற்குப் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. யானையையே சாய்க்கும் நஞ்சு என்றால், பள்ளிக்கு வரும் தானியத்தைக் காய வைப்பதிலும் சோதிப்பதிலும் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது.

தாயே சமையலர்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024இல் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. முதற்கட்டத்தில் ஆராய்ந்த 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியதாக அரசு தெரிவித்தது.

ஊர்ப்புறத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்க வேண்டும் என்பது சமையலுக்குத் தேர்ந்தெடுக்க வைத்த நிபந்தனைகளில் ஒன்று. இதை எழுதி வைத்தவர் யாரென்று தெரிந்தால் கைகூப்பலாம். தன் பிள்ளை உண்ணும் அண்டாவில் எந்தத் தாய் சொத்தைக் காயைப் போடுவாள்?

பலாக்கொட்டை

பண்ருட்டிப் பலாப் பருவம் கோடை விடுமுறையைத் தாண்டி ஜூன், ஜூலை வரை நீளும். சுளையைத் தின்று தூக்கிப் போடும் கொட்டை, மாவுச்சத்தும் ஓரளவு புரதமும் உள்ள நல்ல காய். சாம்பாரிலும் கூட்டிலும் உருளைக்கிழங்கு செய்யும் வேலையை அது செய்யும். பள்ளி திறக்கும் மாதத்தில் பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை சாலையோரம் மலிந்து கிடக்கும் பொருள் இது.

வாலிநோக்கத்து உப்பு

சத்துணவுச் சாம்பாரில் போடும் உப்பில் அயோடினோடு இரும்புச் சத்தும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் அதைத் தயாரிக்கிறது. சோகை மிகுந்த நாட்டில் உப்பு வழியாக இரும்பு கொடுப்பது நல்ல வழி. அந்த உப்பை ஈரம் படாமல் மூடி வைத்தால்தான் பயன். இந்த இடத்தில் விருத்தாசலத்துச் சூளைகள் நினைவுக்கு வருகின்றன.

தட்டும் நம் மண்ணில் ஆகலாம்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு வேர் பக்கத்து நெய்வேலியில் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெண்களிமண் கிடைத்தது. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு தரும் ஓர் அரசுக் கல்வி நிலையமும் வந்தது. மின்சார பியூஸ் கேரியர், கழிப்பறைக் கோப்பை, பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று ஊர் ஊராகப் போகின்றன. பள்ளிச் சமையலறைக்கு மட்டும் எதுவும் போவதில்லை.

ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் ஹசாமி என்றொரு சிற்றூர் இருக்கிறது. நம்மைப் போலவே சூளை ஊர். பள்ளி மதிய உணவுக்கென்று எளிதில் உடையாத பீங்கான் கிண்ணங்களை அங்கே உருவாக்கினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தம் ஊர் மண்ணில் சுட்ட கிண்ணத்திலேயே சாப்பிடுகிறார்கள். வெளியூர்ப் பள்ளிகளும் வாங்குகின்றன. பள்ளி உணவே ஊரின் தொழிலுக்கு ஒரு சந்தை ஆனது.

இங்கே அப்படியே செய்ய முடியுமா என்றால், தட்டுக்கு நான் எவர்சில்வரையே சொல்வேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தூக்கிப் போகக் கனம் குறைவு, கீழே விழுந்தாலும் ஆபத்தில்லை, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கீறலோடு போகும். ஆனால் பொருள் வைக்கும் அறையில் பீங்கான் ஜாடிக்கு நிகர் இல்லை. உப்பும் புளியும் அலுமினியத்தை அரிக்கும், பிளாஸ்டிக்கில் மணம் ஏறும். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு மெருகிட்ட ஜாடியில் இரண்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். மூடியோடு கூடிய ஜாடி ஒவ்வொன்றிலும் உப்பு, புளி, மிளகாய், மல்லி என்று சுடும்போதே எழுதிவிட்டால், சாரண் மாவட்டத்தில் நடந்ததுபோல் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வராது.

ஒரே நிபந்தனை, மெருகில் ஈயம் இருக்கக் கூடாது. சோதிக்க வழி எளிது: 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் அளவு புளிப்பு, 24 மணி நேரம் ஊற்றி வைத்து, அதில் ஈயமோ காட்மியமோ கசிகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். உலகெங்கும் உணவுப் பாத்திரத்துக்கு இதுவே சோதனை முறை. பீங்கான் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல இறுதியாண்டுத் திட்டப்பணி கிடைக்காது.

சட்டமாகவே போட்ட நாடு

பிரேசில் 2009இல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 30 விழுக்காடாவது குடும்பமாக உழவு செய்யும் சிறு விவசாயிகளிடம் வாங்க வேண்டும். 2026 முதல் அதை 45 விழுக்காடாக உயர்த்தியிருக்கிறார்கள். இலங்கையில் உலக உணவுத் திட்டம் பள்ளிக்குச் சமைத்துத் தரும் பெண்களுக்குக் கோழிக்குஞ்சுகளும் வீட்டுத் தோட்டத்துக்கான உதவியும் கொடுக்கிறது. சமைப்பவரே முட்டையும் கீரையும் விளைவிக்கிறார். இரண்டில் இலங்கை வழி நமக்கு இன்னும் பக்கம். நம் சத்துணவு உதவியாளர் வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்வதற்கு எவ்வளவு மானியம் ஆகிவிடும்?

மானியம் எங்கே கிடைக்கும்?

நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலின் முதல் வரிசையிலேயே பசியையும் ஊட்டக்குறைவையும் போக்குவது இருக்கிறது. 2022 டிசம்பர் 19 அன்று தமிழ்நாடு அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அமைப்பைத் தொடங்கியது. பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் தம் ஊர் அரசுப் பள்ளிக்கு அதன் வழியாகப் பணம் அனுப்பலாம். கடம்பத்தூரில் நடந்தது இப்போது கைப்பேசியில் நடக்கிறது.

பெரும்பாலும் நன்கொடையாளர்கள் ஸ்மார்ட் வகுப்பறை, வண்ணப் பூச்சு, நுழைவாயில் வளைவு என்று கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரிபவை அவை. பள்ளிகள் எழுதிக் கேட்கும் பட்டியலில் மல்லாட்டை மூட்டை, வரகு, பொருள் வைக்கும் ஜாடி, கை கழுவும் தொட்டி, தட்டு கழுவும் நீர் பாயும் கீரைப் பாத்தி ஆகியவையும் இருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு வளைவுக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு.

யாரிடம் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பும், வரும் நிதியைக் கண்காணிக்கும் பொறுப்பும் அந்தக் குழுவுக்கு உண்டு. சத்துணவு அமைப்பாளரையும், பக்கத்து உழவர் குழுவினர் ஒருவரையும் அழைத்து உட்கார வைத்து, வரும் பருவத்தில் எந்தக் காய் எந்த மாதம் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கலாம். யார் அனுமதியும் வேண்டாம்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சி வார்டுகளில் பகுதி சபை. மல்லாட்டை வாங்கிச் சேர்க்க வேண்டுமென்றால் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும். அதற்கு மே 1 கூட்டம் பொருத்தம். தீர்மானத்தை எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.